முன்சக்கர ஸ்டட் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைப்பக்கம் பழைய மாருதி ஜிப்சி வாங்கும் இளைஞர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வேலையைத் தானே கற்றுக்கொள்ள வேண்டும் என்ற அவர்களின் ஆசை எனக்குப் பிடிக்கும். ஆனால் முன்சக்கர ஸ்டட், அதாவது சக்கரத்தை அதன் நடுவிலுள்ள ஹப்போடு பிடித்துவைக்கும் மரை போட்ட கம்பி, உடைந்தால் எல்லோரும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாததைப் பார்ப்போம்.

உடைந்த ஒன்றை மட்டும் மாற்றுவது

ஐந்தில் ஒன்று உடைந்தால், அதன் சுமையையும் சேர்த்துத் தாங்கியவை மற்ற நான்கும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அவை இழுபட்டிருக்கலாம். அந்தச் சக்கரத்துக்கு ஐந்தையும் மாற்றுங்கள்.

மரையை மட்டும் பார்த்து வாங்குவது

ஜிப்சிக்கு 12 மி.மீ. ஸ்டட், 1.25 மரை (மரைக்கு மரை இடைவெளி 1.25 மி.மீ.). அதே 12 மி.மீ.யில் 1.5 மரையும் கடையில் கிடைக்கும். மரை சரியாக இருந்தாலும், தலைக்குக் கீழே உள்ள பல் வரியின் விட்டம் ஒத்துப்போக வேண்டும். அது கொஞ்சம் குறைந்தாலும் ஸ்டட் ஹப்பின் ஓட்டையில் பிடிக்காமல் சுற்றும். அப்புறம் ஒரு நாள் நட்டைக் கழற்றவே முடியாது. பழைய ஸ்டட்டைக் கையோடு கொண்டுபோய், வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள்.

ஸ்டட்டை வண்டியில் வைத்தே சுத்தியலால் அடிப்பது

அடி முழுவதும் பேரிங்கில் இறங்கும். ஹப்பைக் கழற்றுங்கள்.

புது ஸ்டட்டை வீல் நட்டைப் போட்டு இம்பாக்ட் கன்னால் ஹப்புக்குள் இழுப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டுவது இதுதான். எத்தனை வீடியோக்களில் இதைச் சுலப வழி என்று காட்டுகிறார்கள்!

கோத்தகிரியில் ஒரு தம்பி இப்படித்தான் ஐந்தையும் இழுத்துப் பொருத்தினார். குறித்த இறுக்கம் வந்ததும் க்ளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கவும் செய்தார். மேட்டுப்பாளையம் இறங்கும்போது முன்னால் டக் டக் என்று சத்தம். நிறுத்திப் பார்த்தால் இரண்டு நட்டு கையாலேயே சுற்றுகிறது. சக்கரத்தின் ஓட்டைகள் நீள்வட்டமாகிவிட்டன. "ரெஞ்ச் க்ளிக் ஆச்சே அண்ணா" என்றார். ஆகியிருக்கும், அதில்தான் ஆபத்து.

ஹப்பைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தோம். இரண்டு ஸ்டட்டின் தலைக்கும் ஹப்புக்கும் நடுவே ஒரு நகத்தின் கனத்துக்கு இடைவெளி. பல் வரி ஓட்டையில் பாதியில் இறுகி நின்றிருக்கிறது. அந்த இறுக்கத்தைத்தான் ரெஞ்ச் சக்கரத்தின் இறுக்கம் என்று காட்டியது. குண்டு குழியில் வண்டி குதிக்கக் குதிக்க ஸ்டட் மீதித் தூரமும் உள்ளே வந்துவிட்டது; நட்டு தளர்ந்துவிட்டது. புது ஸ்டட், ஒரு வீல் எல்லாம் வீண். வளைவில் சக்கரமே கழன்றிருந்தால்?

கெடுதல் இதோடு முடியாது. வீல் நட்டின் முகம் கூம்பு வடிவம். தட்டையான இரும்பில் வைத்து இழுத்தால் அந்த முகம் சிதைந்து, பிறகு சக்கரத்தின் ஓட்டையில் ஒழுங்காக உட்காராது. கன்னின் வேகத்தில் புது ஸ்டட்டின் மரையும் நீண்டுவிடும்.

லேத் கடையில் ஹப்பைக் கொடுத்து பிரஸ்ஸில் அழுத்தி வாங்குவதே உத்தமம். வீட்டிலேதான் என்றால், தடித்த வாசர்களை அடுக்கி, தட்டை முகமுள்ள வேறு நட்டைப் போட்டு, கை ஸ்பேனரால் மெதுவாக இழுங்கள். அந்த நட்டைப் பிறகு தூக்கிப்போட்டுவிடுங்கள். தலை ஹப்போடு ஒட்டிவிட்டதா என்று பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட உள்ளே நுழையக் கூடாது.

மரையில் கிரீஸ் தடவுவது

வேண்டாம். உராய்வு குறைந்தால், அதே டார்க்கில் (முறுக்கும் அளவில்) ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

பிரேக் காலிபரை ஹோஸில் தொங்கவிடுவது

ஹப்புக்காகக் கழற்றிய காலிபரைக் கம்பி போட்டுக் கட்டுங்கள்.

ஹப் நட்டின் பழைய லாக் வாசரை மறுபடி மாட்டுவது

ஒருமுறை மடித்து நிமிர்த்திய நாக்கு அடுத்த மடிப்பில் விரிசல் விடலாம். ஹப் நட்டு தளராமல் பிடித்து நிற்பது அந்த நாக்குதான். ஸ்டட் வாங்கும்போதே புதிய வாசரும் வாங்கிவிடுங்கள்.

ஒருமுறை முறுக்கியதோடு விடுவது

50 முதல் 100 கி.மீ. ஓடியதும், சக்கரம் ஆறியபின், மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். ஒரு நட்டு கொஞ்சம் திரும்பினால் இறுக்கிவிட்டு, அடுத்த 50 கி.மீ.யில் இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் அதே நட்டு திரும்பினால், ஹப்பைக் கழற்றிப் பின்பக்கம் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.