கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டயப்பர்

எட்டு மாதக் குழந்தையோடு இரண்டு நாள் வெளியூர் போய்வர என்னென்ன வேண்டும் என்று 47 வரியில் பட்டியல் போட்டவன் நான். வெள்ளிக்கிழமை இரவே எல்லாவற்றையும் அடுக்கி, ஒவ்வொன்றாக டிக் அடித்து, என் மனைவியிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டு படுத்தேன். பட்டியலில் ஒரு குறையும் இல்லை. குறை, பையை நான் வைத்த இடத்தில் இருந்தது.

முதலில் தயாரான பை அதுதான் என்பதால் முதலில் டிக்கிக்குள் போனதும் அதுதான். அதன் மேல் இரண்டு பெட்டிகள், தள்ளுவண்டி, மாமியாரின் பை, போகும் வீட்டுக்குக் கொடுக்க ஒரு பெரிய அட்டைப்பெட்டி. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஒன்பதே காலுக்குக் கிளம்பியது. நாற்பதாவது நிமிடம் பின்னிருக்கையிலிருந்து மாமியார், "மாப்பிள்ளை, கொஞ்சம் ஓரமாக நிறுத்துங்கள்" என்றார். குரலில் துளிப் பதற்றம் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மகள் கழித்திருந்தது டயப்பரைத் தாண்டி, முதுகு வழியாகக் கழுத்துவரை ஏறியிருந்தது. டிக்கியைத் திறந்து அட்டைப்பெட்டி, தள்ளுவண்டி, பெட்டிகள் என்று ஒவ்வொன்றாகச் சாலையோரத்தில் இறக்கி, கடைசியில் பையை எடுத்தேன். அதற்குள் குழந்தை தன் கையையும் அதில் நனைத்து, பாட்டியின் கன்னத்தைத் தடவிக்கொடுத்துவிட்டாள்.

ஆகவே என் முதல் யோசனை: பை ஒன்றல்ல, இரண்டு. பெரிய பை எங்கே வேண்டுமானாலும் கிடக்கட்டும். சின்னப் பை, பின்னிருக்கையில் இருப்பவர் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திறக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அதில் டயப்பர், வைப்ஸ் (ஈரத் துடைப்புத்தாள்), விரித்துப் படுக்கவைக்க ஒரு துணி, மாற்றுடை இரண்டு, காற்றுப் புகாமல் கட்டக்கூடிய பிளாஸ்டிக் உறைகள். டயப்பர் எத்தனை என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு இது: பயண நேரத்தை இரண்டால் வகுத்து, வருவதோடு நான்கைக் கூட்டுங்கள். நான்கு மணி நேரப் பயணத்துக்கு ஆறு. அந்த நான்கு உபரி ஏன் என்று இப்போது கேட்கலாம். சாலையோரத்தில் நிற்கும்போது கேட்க மாட்டீர்கள்.

சின்னப் பைக்குள் கட்டாயம் போக வேண்டிய இன்னொன்று, பெரியவர்களுக்கான மாற்றுச்சட்டை. குழந்தைக்கு ஐந்து உடை எடுத்துவைத்த நான் எனக்கென்று மாற்றாக ஒரு சட்டைகூட வைக்கவில்லை. அதன் பலன் ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது, பிறகு சொல்கிறேன்.

முதுகு வரை ஏறினால்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்பதால். கைக்குழந்தைகளின் சட்டைகளில் தோள்பட்டையில் இரண்டு துணி மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்றுதான் எட்டு மாதமாக நினைத்திருந்தேன். உண்மையில் அந்த மடிப்புகளால் சட்டையின் கழுத்தை நன்றாக அகலமாக்கி, அதைத் தலைவழியாக இல்லாமல் தோள்வழியாகக் கீழே இழுத்துக் கழற்றலாம். அப்படிச் செய்தால் முதுகில் இருப்பது தலைமுடியில் பூசாது. நான் தலைவழியாகத்தான் கழற்றினேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை; தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினாள்.

கழற்றியதும், அழுக்கான பக்கம் உள்ளே போகும்படி சட்டையைச் சுருட்டி உறையில் போட்டுக் கட்டுங்கள். டயப்பரைத் திறந்தவுடன் உருவிவிடாமல், அதன் முன்பக்கத்தாலேயே மேலிருந்து கீழாக ஒரு முறை வழித்துவிட்டால் வைப்ஸ் பாதி மிச்சம். பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும். சிறுநீர்த் தொற்றைத் தவிர்க்க அதுவே வழி. புது டயப்பரை, பழையதை எடுக்கும் முன்பே அடியில் விரித்துவிடுங்கள். இந்த இடைவெளியில்தான் அடுத்த விபத்து நடக்கிறது.

எல்லாம் முடிந்து, பெட்டிகளை மறுபடி ஏற்றி, பையையும் பழைய பழக்கத்தில் டிக்கிக்குள்ளேயே போட்டு, சாவியை அதன் மேல் வைத்துவிட்டுப் படாரென்று மூடினேன். பழைய வண்டி. டிக்கியைத் திறக்கச் சாவி வேண்டும், பின்னிருக்கையும் மடங்காது. மாற்றுச்சாவி வீட்டில், குளிர்பதனப் பெட்டியின் மேல்.

என் மைத்துனன் சிரித்தான். பிறகு நிறுத்திக்கொண்டான்.

மெக்கானிக் வருவதற்கு 1 மணி 50 நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் ஒரு மரத்தடியில் மகள், காலி பாட்டிலில் இரண்டு மடக்குத் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கித் தந்ததை உருட்டிக்கொண்டு, அந்த இரண்டு நாளில் வேறு எப்போதும் இல்லாத மகிழ்ச்சியோடு இருந்தாள். டிக்கிக்குள் ஒன்பது பொம்மைகள் இருந்தன. பொம்மைகளுக்கு இடம் ஒதுக்காதீர்கள்.

பாலுக்குக் கடிகாரம்

என் மனைவி தாய்ப்பால் கொடுப்பதால் அந்த மரத்தடியில் பசிப் பிரச்சினை வரவில்லை. பால்பொடி கொடுப்பவர்களுக்கு நிலைமை வேறு. கரைத்து வைத்த பால் வெளியில் 2 மணி நேரம்தான் தாங்கும். குழந்தை வாய் வைத்துவிட்டால் 1 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். அதனால் வீட்டிலிருந்தே கரைத்து எடுத்துப் போகாதீர்கள். ஒரு வேளைக்கான பொடியைத் தனித்தனி டப்பாக்களில் அளந்துகொண்டு, கொதிக்கவைத்த நீரைப் பிளாஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கரைக்கும்போது நீர் குறைந்தது 70 டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தால்தான் பொடியில் இருக்கக்கூடிய கிருமி சாகும். பிறகு பாட்டிலைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம் இருக்கும். ஐஸ் கட்டிகளோடு குளிர்ப்பையில் வைத்தால் 24 மணி நேரம். வெயிலில் நிற்கும் வண்டியை அறை என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், வழியில் யார் பரிதாபப்பட்டாலும் சரி. ஒரு வயது வரை தேனும் கூடாது.

வண்டிக்குள்

குழந்தை இருக்கை பின்னோக்கிப் பார்த்தபடி, பின்னிருக்கையில் பொருத்தப்பட வேண்டும். காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. தோளருகே பட்டையைக் கிள்ளிப் பாருங்கள். விரலுக்குள் மடிப்பு சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். "பாவம், மூச்சு முட்டும்" என்று மாமியார் தளர்த்துவார். மரியாதையோடு மறுபடி இறுக்குங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, இருக்கையிலிருந்து எடுத்துக் கைகால் நீட்டவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் தூங்குகிறதே என்று இருக்கையோடு வீட்டுக்குள் தூக்கிப்போய் அப்படியே விட்டுவிடக் கூடாது. தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுப்பாதை அடைபடலாம். எடுத்துச் சமதளத்தில் மல்லாக்கக் கிடத்துங்கள்.

நிறுத்திய வண்டியில் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது என்பதைத் திட்டுவதுபோலவே சொல்கிறேன். வெயிலில் 10 நிமிடத்தில் உள்ளே ஏறக்கூடிய வெப்பம் சுமார் 10 டிகிரி. சாவியை டிக்கிக்குள் வைத்துப் பூட்டியபோது நான் நன்றி சொன்னது ஒன்றே ஒன்றுக்குத்தான்: குழந்தை வெளியே இருந்தாள்.

போய்ச்சேர்ந்த வீட்டில்

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. வாசலிலேயே பதினோரு பேர், இருபத்திரண்டு கைகள். ஒருவர் தூக்கிக் குலுக்க, இன்னொருவர் பிடுங்கிக் கொஞ்ச, மகள் எல்லோருக்கும் பல்லில்லாத சிரிப்பைத் தந்தாள். நாங்களும் பூரித்தோம். எட்டு மாதக் குழந்தையால் ஒரே மூச்சில் இரண்டரை, மூன்று மணி நேரம்தான் விழித்திருக்க முடியும். அதைத் தாண்டினால் களைப்பு தூக்கமாக மாறாது, அலறலாக மாறும். இரவு ஒன்றரை மணிக்கு இருட்டுத் தாழ்வாரத்தில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது, என் கால்கள் தரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தன. ஒரு நீளத்துக்கு 26.

இப்போதெல்லாம் போனவுடன் முதல் வேலை, ஓர் அறையைக் கேட்டு வாங்குவது. திரையை இழுத்து, கதவைச் சாத்தி, குழந்தையை அங்கே உறங்கவைத்த பிறகுதான் உறவினர்களின் முறை. யாராவது முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அடுத்த வேலை, நீங்களே தரையில் முழங்காலிட்டுத் தவழ்வது. நின்றுகொண்டு பார்த்தால் தெரியாததெல்லாம் தெரியும்: தொங்கும் வயர், கட்டிலடியில் தாத்தாவின் மாத்திரை, ரிமோட்டிலிருந்து கழன்ற பொத்தான் பேட்டரி. கடைசியில் சொன்னது மிக மோசம். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைதான்.

உயரமான கட்டிலில் இருபுறமும் தலையணை அடுக்குவது பாதுகாப்பு இல்லை. குழந்தை தலையணையைத் தாண்டி உருளும், இல்லையென்றால் அதில் முகம் புதைக்கும். மல்லாக்கக் கிடத்த உறுதியான மெத்தை, அருகே எதுவும் இல்லாமல், இவ்வளவு போதும்.

திரும்பும் நாள்

ஞாயிற்றுக்கிழமை வயிறு நிறையப் பால் குடித்தவளை நான் தூக்கி, தலைக்கு மேலே வீசிப் பிடித்தேன். என் சட்டை அதோடு முடிந்தது. வீட்டுக்காரரின் சட்டை ஒன்றை, என்னைவிட இரண்டு அளவு பெரியதை, போட்டுக்கொண்டு நான்கு மணி நேரம் ஓட்டினேன். ஊட்டியதும் இருபது நிமிடமாவது நிமிர்த்திப் பிடித்து, ஏப்பம் விட்ட பிறகே இருக்கையில் கட்டுங்கள். வயிற்றை மடித்து உட்கார்ந்தால் கக்குவது இயல்பு.

ஒரு முறை கக்குவது வேறு, விடாமல் வாந்தி எடுப்பது வேறு. 6 மணி நேரமாக டயப்பர் நனையவில்லை, அழும்போது கண்ணீர் வரவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது என்றால் பயணத்தை அங்கேயே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் கண்டாலும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் மருந்தின் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டு மருந்துப் பெட்டியின் மேலேயே எழுதிவையுங்கள். வெப்பமானியும் சின்னப் பைக்குள்தான்.

வீடு திரும்பியதும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஒரு வேலை பாக்கி. கட்டிவைத்த அந்த அழுக்குத்துணி உறையை அன்றிரவே வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். நாங்கள் புதன்கிழமை எடுத்தோம்.