விஎஸ் கோடில் ஃபோகஸ் எல்லைக்கோட்டின் நிறத்தை மாற்றுதல்

பாளையங்கோட்டையில், மேற்குப் பார்த்த சன்னல் உள்ள ஓர் அறையில் மாலை வகுப்பு நடத்துகிறேன்; நிரல் எழுத விஎஸ் கோட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். நான்கு மணிக்கு மேல் வெயில் நேராகத் திரையில் விழும். சென்ற கோடையில் மாணவி ஒருவர், எடிட்டரில்தான் இருக்கிறோம் என்று எண்ணி டிலீட் விசையைத் தட்டினார். ஆனால் ஃபோகஸ் இடப்பக்கக் கோப்புப் பட்டியலில் இருந்தது. நீக்கலாமா என்று கேட்ட பெட்டிக்கும் பழக்கத்தில் எண்டர் தட்டிவிட, கோப்பு ரீசைக்கிள் பின்னுக்குப் போனது. மீட்டுவிட்டோம். ஆயினும் அவர்மீது குற்றமில்லை. அவர் வைத்திருந்த தீமில், அதாவது திரையின் நிறத்தொகுப்பில், ஃபோகஸைக் காட்டும் கோடு அந்த வெளிச்சத்தில் தெரியவேயில்லை.

நாம் தட்டும் விசை திரையின் எந்தப் பகுதிக்குப் போய்ச் சேரும் என்பதைச் சொல்வதே ஃபோகஸ். அதன் நிறத்தை மாற்ற, கண்ட்ரோல் விசையுடன் காற்புள்ளியை அழுத்தி செட்டிங்ஸைத் திறந்து, ‘கலர் கஸ்டமைசேஷன்ஸ்’ என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். ‘ஒர்க்பெஞ்ச்’ என்று தொடங்கும் அமைப்பின் கீழுள்ள இணைப்பைச் சொடுக்கினால், அமைப்புகளை எழுத்துவடிவில் வைத்திருக்கும் செட்டிங்ஸ் ஜேசான் கோப்பு திறந்து, அந்த அமைப்பும் அதற்குரிய நெளிவு அடைப்புக்குறிகளும் தாமாகவே வந்து நிற்கும்.

அந்த அடைப்புக்குறிகளுக்குள் இரட்டை மேற்கோள் குறியிட்டுக் கண்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் பெயர்ப் பட்டியல் விரியும். அதில் ‘ஃபோகஸ்பார்டர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். முக்காற்புள்ளிக்குப் பின், வெளிர் தீம் என்றால் "#990000" என்றும், கருந்தீம் என்றால் "#999900" என்றும் மேற்கோளுக்குள் எழுதிச் சேமித்தால், மறுதொடக்கம் இல்லாமலே நிறம் மாறிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் எழுதும்போது இடையில் காற்புள்ளி விடுபடுவதுதான் புதியவர்களுக்கு அடிக்கடி நேரும் பிழை.

நிறத்தை அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். 2018இல் வெளியான வலை அணுகல் வழிகாட்டியின் 2.1 பதிப்பு, இத்தகைய குறிகளுக்கும் அவற்றை ஒட்டிய நிறத்துக்கும் இடையே குறைந்தது 3:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது. அது வலைப்பக்கங்களுக்காக எழுதப்பட்டதே எனினும் எடிட்டருக்கும் நல்ல அளவுகோல்தான். வெள்ளைப் பின்னணியில் மேற்சொன்ன "#990000" என்ற சிவப்பு ஏறத்தாழ 8.9:1 தருகிறது; எங்கள் வெயிலுக்கு அவ்வளவும் தேவைப்படுகிறது.

கோப்புப் பட்டியலை மட்டும் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். அங்கே அம்புக்குறி விசையால் கீழே இறங்கும்போது, திறந்திருக்கும் கோப்பின் மேல் தேர்வு நிறம் அப்படியே நிற்க, ஃபோகஸ் மட்டும் அடுத்த பெயருக்கு நகர்கிறது; இரண்டும் ஒரே சாயலில் இருந்தால் கண் ஏமாந்துபோகும். ஆகவே ‘லிஸ்ட்’ என்பதுடன் புள்ளியிட்டுத் தொடரும் ‘ஃபோகஸ்அவுட்லைன்’ என்ற பெயருக்கும் அதே அழுத்தமான நிறத்தைத் தனியே கொடுங்கள். ஏனெனில் பொதுவான ஃபோகஸ்பார்டர், ஒரு பகுதிக்கெனத் தனி நிறம் இல்லாத இடத்தில்தான் செல்லுபடியாகும்.

ஒரு தீமுக்கு மட்டும் மாற்றம் வேண்டுமானால், அதன் பெயரைச் சதுர அடைப்புக்குள் இட்டு, அதை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, முக்காற்புள்ளிக்குப் பின் புதிய நெளிவு அடைப்புக்குறிகளைத் திறந்து, இவ்வரிகளை அவற்றினுள் நகர்த்திவிடுங்கள்.

பிறகு மவுஸைத் தொடாமல் சோதியுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஈ மூன்றையும் அழுத்திக் கோப்புப் பட்டியலுக்குச் செல்லுங்கள். எஃப்6 விசையால் ஒவ்வொரு பகுதியாக நகருங்கள். இதைக் காலையில் ஒருமுறையும், வெயில் திரையில் விழும் மாலையில் ஒருமுறையும் செய்து பாருங்கள். எங்காவது கோட்டைத் தேட வேண்டியிருந்தால் அந்தப் பகுதிக்குரிய பெயரைக் கண்டறிந்து அதற்கும் நிறம் கொடுங்கள்.