அமெரிக்க மேற்கில் ஒரு காதல் நாவல்: பழைய மர்மத்தை அதில் பின்னுவது எப்படி?

19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க மேற்குப் பகுதியைக் களமாகக் கொண்டு காதல் நாவல் எழுத முனைபவர், அதில் ஒரு பழைய மர்மத்தையும் சேர்ப்பதானால், அந்த மர்மம் வெளிப்படும்போது காதலர் இருவரும் எதை இழப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். புதைத்து வைத்த தங்கமோ கொள்ளைக்காரனின் வரைபடமோ கதையை விறுவிறுப்பாக்கலாம். ஆனால் அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்கள் சேர்வதற்குத் தடை இல்லையென்றால், மர்மமும் காதலும் ஒட்டாமலே இருக்கும்.

இப்படிப்பட்ட முடிச்சை அந்தக் காலத்து நிலச் சட்டத்திலேயே தேடுவது நல்லது. 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஒருவர் 160 ஏக்கர் வரை அரசு நிலத்துக்கு விண்ணப்பித்து, அங்கே ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிரிட்டு, அதற்கு இரண்டு பேரைச் சாட்சியாக நிறுத்தி உரிமை பெறலாம். 21 வயது நிரம்பிய, மணமாகாத பெண்ணும் விண்ணப்பிக்கலாம். குடியேறியவர் இடையில் இறந்தால் மனைவியோ வாரிசுகளோ அந்த உரிமையைத் தொடரலாம். குடியிருப்பு, சாட்சி, வாரிசு என்ற மூன்றில் எதைப் பொய்யாக்கினாலும் ஒரு குற்றம் பிறக்கும்.

உதாரணமாக, வயோமிங் பிரதேசத்தில் 1872இல் ஓடைக்கரை நிலம் ஒன்றுக்கு விண்ணப்பித்தவர், ஐந்தாவது ஆண்டு முடிவதற்குள் இறந்துவிடுகிறார் என்று கொள்வோம். 1877இல் வேறொருவன் அவர் பெயரில் நில அலுவலகத்தில் நின்று உரிமை பெறுகிறான். அவனைத் தெரியும் என்று சத்தியம் செய்த அண்டைப் பண்ணைக்காரர் பிறகு அந்த நிலத்தை அவனிடமிருந்து வாங்கிக்கொள்கிறார். வறண்ட மேய்ச்சல் வெளியில் தண்ணீர் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் சுற்றியுள்ள புல்லும் இருந்தது என்பதால், இந்தப் பொய்ச் சத்தியத்துக்கு வலுவான காரணமும் கிடைத்துவிடுகிறது. பத்து ஆண்டுகள் கழித்துத் தந்தையைத் தேடி வரும் மகள் நாயகி. சத்தியம் செய்தவரின் மகன் நாயகன். இனி அவள் உண்மையை நோக்கி வைக்கும் ஒவ்வோர் அடியும் அவனுடைய வீட்டு வாசலை நோக்கியதாகவே இருக்கும்.

துப்பும் அந்தக் காலத்துப் பொருளாகவே இருக்கட்டும். அப்போது பரவலாக இருந்த டின்டைப் என்னும் இரும்புத் தகட்டுப் புகைப்படத்தில் உருவம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியே பதியும். நாயகிக்குத் தந்தையின் ஒரே நினைவு அத்தகைய படம். அதில் அவருடைய வலது கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கிறது. 1886–87 குளிர்காலம் மேய்ச்சல் வெளியெங்கும் மாடுகளைக் கொன்று குவித்த ஒன்று. பனி உருகி ஓடைக்கரை சரிந்து எலும்புக்கூடு ஒன்று வெளிப்படும்போது, இடது கையில்தான் விரல் குறைந்து ஆறியிருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். அது தந்தை அல்லர் என்று எல்லோரும் முடிவு செய்கிறார்கள். வாசகரை ஏமாற்றாமல் இருக்க வேண்டுமானால், முன்பே ஓர் அமைதியான அத்தியாயத்தில், படத்தில் அப்பாவின் கோட்டுப் பொத்தான்கள் பெண்கள் உடுப்பைப் போல மறுபக்கம் இருப்பதை அவள் சும்மா கவனித்துவிட்டுக் கடந்துபோக வேண்டும். அந்த ஒரு வரியை அழுத்திச் சொல்லாதீர்கள்.

ஆண்டுக்கணக்கைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜோசப் கிளிடன் என்ற அமெரிக்கர் வடிவமைத்த முள்கம்பிக்குக் காப்புரிமை கிடைத்தது 1874இல். அதற்கு முந்தைய காட்சியில் அந்த வேலி வரக் கூடாது. கைரேகையை வைத்துத் துப்பறிவது அங்கே 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. வயோமிங்கில் பெண்களுக்கு 1869இலேயே வாக்குரிமை இருந்ததால், நாயகியின் துணிச்சலுக்குச் சட்டத்தின் பின்புலமும் உண்டு. அந்த மண் வெற்றிடமாக இருந்ததில்லை என்பதையும் கதை மறக்கக் கூடாது. லகோட்டா, செயென், அரபஹோ, ஷோஷோனி என்னும் பூர்வகுடி மக்களின் நிலம் அது. பறிபோன நிலத்தைப் பற்றி எழுதும் நாவல் இதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது.

காதலை வேலைகளின் நடுவே வளர்ப்பதே இந்த வகைக்குப் பொருந்தும்: கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடுவது, பழைய பதிவேட்டைச் சேர்ந்து புரட்டுவது, புயலில் ஒரே கொட்டகையில் ஒதுங்க நேர்வது. உண்மை நாயகனுக்கு ஒரு நாள் முன்னதாகத் தெரியட்டும். அந்த ஓர் இரவு அவன் என்ன செய்கிறான் என்பதற்கு முழு அத்தியாயம் ஒதுக்குங்கள்; என் கணிப்பில் நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அவன் தானாகவே அவளிடம் சொல்ல வேண்டும். நிலத்தை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துப் பதிவும் முடிந்த பிறகே திருமணப் பேச்சு வரட்டும், அதுவும் அவள் வாயிலிருந்து வரட்டும். அப்போதுதான் அந்தச் சம்மதத்தை நன்றிக்கடன் என்றோ நிலத்துக்கான பேரம் என்றோ எந்த வாசகரும் நினைக்க மாட்டார்.