நரம்பு காக்கும் நொதி: அடிக்கடி நேரும் தவறான புரிதல்கள்

செல் சவ்வில் மிகுந்திருக்கும் பாஸ்பாடிடைல்கோலின் என்னும் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமில வால்கள் இரண்டையும் வெட்டி நீக்குவதே நியூரோபதி டார்கெட் எஸ்டரேஸ் என்னும் நொதியின் வேலை. பெயரில் 'எஸ்டரேஸ்' இருப்பதாலும், ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சுகள் (பூச்சிக்கொல்லிகள் பலவற்றில் இருக்கும் பாஸ்பரஸ் சேர்மங்கள்) இரு நொதிகளையும் தாக்குவதாலும், இதை நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸோடு குழப்பிக்கொள்வோர் பலர். அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் முடங்கினால் சில மணி நேரத்துக்குள் எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கும், மூச்சு முட்டும், அட்ரோபின் என்னும் மாற்று மருந்து கைகொடுக்கும். நியூரோபதி டார்கெட் எஸ்டரேஸ் தாக்கப்பட்டாலோ ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தே கெண்டைக்கால் வலிக்கும், பாதம் மரத்துப்போகும், பிறகு கால் துவளும். இதை அட்ரோபின் தடுக்காது. எனவே முதல் நாள் அறிகுறிகள் தணிந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

முதல் நாளில் அறிகுறியே தெரியாமலும் போகலாம். 1930இல், மதுவிலக்கு நடப்பிலிருந்த அமெரிக்காவில், டிரை-ஆர்த்தோ-கிரெசைல் பாஸ்பேட் என்னும் ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சு கலந்த இஞ்சிச் சாற்றைக் குடித்த பல்லாயிரம் பேருக்கு நாள்கள் கழித்தே கால்கள் செயலிழந்தன. மொராக்கோவில் 1959இல் அதே வகை நஞ்சுள்ள விமான எஞ்சின் எண்ணெய் கலந்த சமையல் எண்ணெய் ஏறக்குறைய 10,000 பேரை அவ்வாறே முடக்கியது.

நொதி தடைபட்டாலே நரம்பு சிதையும் என்பது இன்னொரு பிழை. கற்றவர்களும் இதில் சறுக்குகிறார்கள். சோதனைக்குப் பயன்படும் கோழிகளில் நோய் வர, சுமார் 70 சதவீதத்துக்கு மேல் நொதி தடைபட வேண்டும். அதன்பின் ஒட்டிய நஞ்சின் ஒரு பகுதி உதிர்ந்து, மீதி மின்னூட்டத்தோடு நொதியிலேயே தங்கிவிட வேண்டும். பீனைல்மெத்தில்சல்போனைல் புளோரைடு என்னும் வேதிப்பொருளும் இதே நொதியைத்தான் தடுக்கிறது. ஆனால் அதில் இந்த இரண்டாம் படி நிகழ்வதில்லை என்பதால், முன்கூட்டிக் கொடுத்தால் அதுவே கோழியைக் காக்கிறது. அதற்காக நொதி தேவையற்றது என்றும் கொள்ளக் கூடாது: இதற்குரிய மரபணுவான பி.என்.பி.எல்.ஏ.6 பழுதுபட்ட மனிதர்களுக்குக் கால் விறைப்பு நோய் வருகிறது, இணையான மரபணு பழுதான பழ ஈயின் மூளையோ துளைதுளையாகிறது.

சவ்வு என்றதும் செல்லின் வெளியுறையை மட்டும் நினைக்க வேண்டாம். இந்த நொதி பெரிதும் உள்ளிருக்கும் எண்டோபிளாச வலை என்னும் சவ்வுப் பின்னலில் அமர்ந்திருக்கிறது. பாஸ்பாடிடைல்கோலின் அடங்கிய லெசித்தின் மாத்திரை இதற்கு ஈடு என்ற நம்பிக்கைக்கும் அடிப்படையில்லை, ஏனெனில் நொதி குன்றும்போது பாஸ்பாடிடைல்கோலின் குறைவதில்லை, உடையாமல் மிஞ்சுகிறது.

ஆய்வகத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. இளங்குஞ்சுகள் இந்நோய்க்கு எளிதில் ஆட்படா. ஆகவே ஒரே ஒரு முறை நஞ்சு கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கு வளர்ந்த பெட்டைக்கோழிகளையே எடுத்து, 21 நாள் அவற்றின் நடையைக் கவனிக்கிறார்கள்.