0 முதல் 5 வரை எண்ணும் சிங்க்ரனஸ் கவுண்ட்டர் செய்வது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழில் படித்துவிட்டு டிப்ளமோ சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். டிஜிட்டல் கடிகாரத்தில் நொடியின் பத்துகள் இடம் 5 வரை போய் மறுபடி 0-க்கு வருமே, அதைச் செய்யப் போகிறோம்.

கவுண்ட்டர் என்பது பல்ஸ்களை எண்ணும் சர்க்யூட்; அதில் ஒரு பிட்டை (0 அல்லது 1) நினைவில் வைப்பது ஃபிளிப்-ஃபிளாப். சிங்க்ரனஸ் கவுண்ட்டரில் எல்லா ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் ஒரே கிளாக், அதாவது நிலை மாறச் சொல்லும் பல்ஸ். ரிப்பிள் கவுண்ட்டரில் ஒன்றின் அவுட்புட் அடுத்ததற்குக் கிளாக் ஆவதால் தாமதம் சேர்ந்துகொண்டே போகும், நடுவில் தப்பான எண்ணும் வந்துபோகும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

முதலில், எத்தனை ஃபிளிப்-ஃபிளாப் வேண்டும்? இரண்டு இருந்தால் 4 நிலை, மூன்று இருந்தால் 8. நமக்கு 6 நிலை, ஆகவே மூன்று: சி, பி, ஏ. ஏ கடைசி பிட்.

அடுத்தது அட்டவணை. உண்மையான வேலை இதுதான், அவசரப்படாதீர்கள். இப்போதைய நிலை, அடுத்த நிலை இரண்டையும் 000→001 என்று தொடங்கி 101→000 வரை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பிட்டுக்கும் ஜே, கே (ஜேகே ஃபிளிப்-ஃபிளாப்பின் இரண்டு இன்புட்டுகள்) என்ன என்று நிரப்புங்கள்:

0→0: ஜே 0, கே எதுவானாலும் சரி
0→1: ஜே 1, கே எதுவானாலும் சரி
1→0: கே 1, ஜே எதுவானாலும் சரி
1→1: கே 0, ஜே எதுவானாலும் சரி

கவுண்ட்டருக்குத் தேவைப்படாத 110, 111 இரண்டையும் கார்னாஃப் மேப்பில் (சமன்பாட்டைச் சுருக்க உதவும் கட்டம்) 'எக்ஸ்', அதாவது எதுவானாலும் சரி, என்று போடுங்கள். சுருக்கினால் வருவது ('·' என்றால் ஆண்ட், 'பார்' என்றால் தலைகீழ் மதிப்பு):

ஏ: ஜே = கே = 1
பி: ஜே = ஏ·சி-பார், கே = ஏ
சி: ஜே = ஏ·பி, கே = ஏ

பலர் இத்தோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். அது கூடாது. மின்சாரம் வந்ததும் கவுண்ட்டர் 110-இல் விழித்துக்கொண்டால் என்ன ஆகும்? சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 110 அடுத்த கிளாக்கில் 111 ஆகும், 111 அடுத்து 000 ஆகும். தானாகவே வழிக்கு வந்துவிடுகிறது. வேறு டிசைனில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சுற்றிக்கொண்டே நின்றுவிடலாம், அதனால் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

சரி, பிரெட்போர்டுக்கு வருவோம். 74எல்எஸ்76 (ஒரு ஐசியில் இரண்டு ஜேகே ஃபிளிப்-ஃபிளாப்) இரண்டு, 74எல்எஸ்08 (ஆண்ட் கேட் ஐசி) ஒன்று போதும். சி-பார் ஃபிளிப்-ஃபிளாப்பிலேயே கிடைப்பதால் நாட் கேட் தேவையில்லை. 76-இல் 5 வோல்ட் 5-ஆம் பின்னுக்கு, கிரவுண்டு 13-க்கு. மூலைப் பின் என்று நினைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பிரிசெட், கிளியர் பின்களை (அவுட்புட்டை நேரடியாக 1, 0 ஆக்குபவை) 5 வோல்ட்டில் கட்டுங்கள். கிளாக்குக்குச் சாதாரண புஷ் பட்டன் வைத்தால் ஒரே அழுத்தில் பலமுறை துள்ளி எண் தாவும். 555 டைமர் ஐசி வைத்து நொடிக்கு ஒரு பல்ஸ் கொடுங்கள்.