பழைய மலைச் சைக்கிள் வாங்குமுன் சீட் கம்பியை அசைத்துப் பாருங்கள்
1990 வாக்கில் வந்த, சஸ்பென்ஷன் இல்லாத குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த) எஃகு மலைச் சைக்கிள்கள் அன்றாடப் பயணத்துக்கு அருமையானவை. வாங்குமுன் சீட் கம்பியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். அலுமினியக் கம்பி எஃகுக் குழாய்க்குள் அரித்து ஒட்டிக்கொண்டால் கழற்றுவது பெரும்பாடு. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன். பெயின்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை. ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்தை விரலால் தடவுங்கள். அங்கே புடைப்போ சுருக்கமோ தட்டுப்பட்டால், பெரும்பாலும் எங்கோ மோதிய வண்டி.

வாங்கியதும் செயின், பிரேக் கட்டைகள், கேபிள்கள் மூன்றையும் மாற்றி, பேரிங்குகளைக் கழுவிப் புது கிரீஸ் வையுங்கள்.

டயரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 26 × 1.75 வேறு, 26 × 1 3/8 வேறு. இரண்டாவது இந்த ரிம்மில் உட்காராது. டயரின் பக்கவாட்டில் 559 என்ற எண்ணை (ரிம்மில் உட்காரும் விட்டம், மி.மீ.) பார்த்து, முள் இல்லாத வழவழப்பான டயராக வாங்குங்கள். தார்ச்சாலையில் மிதிப்பது அவ்வளவு இலகுவாகிவிடும்.