பழைய பினாங்குப் படத்தை நம்பும் முன்

ஜார்ஜ்டவுனில் நண்பர் ஒருவர் வீட்டுக் கூடத்தில், ஸ்ட்ராபெரி மலையிலிருந்து தெரியும் காட்சியின் அச்சுப்படம் ஒன்று சட்டமிட்டுத் தொங்குகிறது. “இருநூறு வருடத்துக்கு முன் நம் ஊர் இப்படித்தான் இருந்தது” என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். தவறு அங்கேயே தொடங்குகிறது.

மூலத்தை வரைந்தவர் ராபர்ட் ஸ்மித், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பொறியாளர். அதைச் செப்புத்தகட்டில் ஏற்றியவர் வில்லியம் டேனியல். பத்துக் காட்சிகள் கொண்ட தொகுப்பாக 1821-இல் வெளிவந்தது. ஒருவர் கண்டதை இன்னொருவர் கை திருப்பிச் சொல்கிறது. சொல்லும்போது கொஞ்சம் அழகுபடுத்தாமலா இருக்கும்?

மலையுச்சி, அருவி, குளுகோர் மாளிகையும் அதன் வாசனைப்பயிர்த் தோட்டமும் என்று துரைமாருக்குப் பிடித்த இடங்களாகவே தேர்ந்திருக்கிறார்கள். படத்தில் இல்லாதது ஊரிலும் இல்லை என்று முடிவு கட்டுவதுதான், என் கணக்கில், ஆகப் பெரிய பிழை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அப்போதே இருந்தது. துறைமுகத்தில் நம்மவர்கள் மூட்டை சுமந்தார்கள்; கப்பலேற்றி அனுப்பப்பட்ட இந்தியக் கைதிகள் சாலை போட்டார்கள். கொடிமலை என்று நாம் அழைக்கும் பினாங்கு மலையின் உயரத்திலிருந்து பார்த்தால் அவர்களில் யார் கண்ணில் படுவார்?

வண்ணத்தையும் அப்படியே நம்பவேண்டாம். பல பழைய படங்களுக்கு அச்சான பிறகு கையால் நிறம் பூசினார்கள், சிலவற்றுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து. கடல் அன்று எத்தனை நீலம் என்று அதை வைத்து வாதாடுவது வீண்.

வாங்கும்போது ஓர் உருப்பெருக்கி கையில் இருக்கட்டும். தகட்டில் பிசின் தூளைத் தூவி அமிலத்தால் அரித்து எடுத்த படத்தில் நிழல்கள் ஒழுங்கற்ற பொடிமணல்போல் தெரியும். வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு. நண்பரின் படத்தில் புள்ளிகள் அணிவகுத்து நின்றன. அன்று அவர் எனக்குத் தேநீர்கூடத் தரவில்லை.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். அசல் படம் ஒன்றைச் சட்டமிடக் கொடுத்தேன். அளவு ஒத்துவரவில்லையென்று கடைக்காரர் ஓரங்களை வெட்டிவிட்டார். தகடு அழுந்திய தடம், கீழே பொறித்திருந்த ஓவியர் பெயர், வெளியான வருடம் எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயின. லேமினேட் செய்து தரவா என்றும் கேட்டார். தாள் கண்ணாடியில் ஒட்டாதபடி இடையே, படம் தெரியும்படி நடுவில் வெட்டிய அமிலமற்ற அட்டை வைக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஒட்டிய இடத்தில் பூஞ்சை பிடிக்கும்.